சிறுமலையில் ஒரு பெட்டியை ஒளித்துவைப்பதென்றால்

கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். நீங்கள் மதுரையில் குடியிருக்கிறீர்கள். மகளுக்கு 12 வயது. கோடை விடுமுறைக்கு ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனவள், அங்கே மலைக்காட்டுப் பாதை ஒன்றில் ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு) விளையாடிவிட்டு வந்து, "நம்ம ஊர்லயும் ஒண்ணு போடலாம்ப்பா" என்று விடாமல் கேட்கிறாள். அழகர்மலையா, சிறுமலையா, கொடைக்கானலா, எது அழகு என்று கேட்கிறீர்கள். செல்போனே போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா, பெட்டிக்குள் என்ன போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அழகு என்று பார்த்தால் மூன்றுமே அழகுதான், அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு. யாருடைய நிலத்தில் பெட்டியை வைக்கலாம்? வைத்த இடத்தை, அந்த மலையையே பார்த்திராத ஒருவர் வந்து கண்டுபிடிக்கிற மாதிரி எப்படிக் குறித்துக் கொடுப்பது?

நான் நில அளவையில் சங்கிலி இழுத்த காலத்திலிருந்து ஜிபிஎஸ் வந்த காலம் வரை வேலை பார்த்தவன். பெட்டி தேடும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகு தொற்றிக்கொண்டது. வனத்துறைக்காரனும் இல்லை, வக்கீலும் இல்லை. அளவை பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அனுமதி பற்றிச் சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்தந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப்போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தப்பிக்கொண்டிருந்த கருவிகள் திடீரென்று மரத்தடியையே காட்ட ஆரம்பித்தன. மறுநாளே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்து அதன் எண்களை வெளியிட்டார். தொடங்கியது அங்கேதான். இந்த விளையாட்டு அளவையோடு ஒட்டிப் பிறந்தது என்பதால்தான் எனக்குப் பிடித்ததோ என்னவோ.

சரி, நிலத்துக்கு வருவோம். மதுரையைச் சுற்றி மரம் அடர்ந்த மேட்டு நிலம் என்று சொல்லத்தக்கதில் பெரும்பகுதி காப்புக்காடு. அழகர்மலை அப்படித்தான். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் பாதையும், அதற்கு மேலே நூபுரகங்கை, ராக்காயி அம்மன் கோயில் வரையிலும் பக்தர்கள் போய் வரலாம். ஆனால் பாதையை விட்டு இறங்கி மரத்துக்கு மரம் தேடுவது வேறு சங்கதி. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். அது போக, நடைமுறையிலும் அழகர்மலை இதற்குச் சரிப்படாது. அங்கே உள்ள குரங்குகள் கையில் இருக்கும் பையையே பிடுங்கும். ஒளித்துவைத்த டப்பாவை விட்டுவைக்குமா? கூட்டம் வரும் கோயில் ஓரத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

கொடைக்கானல் இன்னும் கடினம். அந்த மலைக்காடுகளின் பெரும்பகுதி 2013இல் வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. மேகமலை 2021இல் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. இந்த இடங்களில் பெட்டி வைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள். "வனத்துறையே மலையேற்றத்துக்குப் பாதை திறந்திருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து போகும்படி திறந்தது. வழிகாட்டியும் உடன் வருவார். மகளைக் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போக அருமையான ஏற்பாடு, கட்டாயம் போய் வாருங்கள். நடக்க அனுமதி உண்டு என்பதால் பொருளை வைத்துவிட்டு வரவும் அனுமதி உண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேற்றத்துக்குத் தனி விதிகளே அதன் பிறகுதான் வந்தன. அதை மனதில் வைத்துக்கொண்டால், சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வனக்காவலர் மேல் கோபம் வராது.

ஆகவே என் பதில் சிறுமலை. சிறுமலையிலும் காப்புக்காடு உண்டு, அங்கே வைக்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் வையுங்கள். திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியர்புரம் என்று குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றிப் பட்டா நிலத்தில் காப்பி, மிளகு, எலுமிச்சை, பலா, வாழைத் தோட்டங்களும் இருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் இங்கே விளைவதுதான். காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால் சில்வர் ஓக்கும் பலாவும் கல்யாண முருங்கையும் வரிசையாக நிற்கும், அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஜீப்பு போகாத தோட்டங்களிலிருந்து மூட்டைகளைக் குதிரைகளில் ஏற்றி இறக்குவார்கள். அந்தக் குதிரைத் தடங்கள்தான் நீங்கள் கேட்கிற "மரங்களுக்கு நடுவே அழகான பாதை". காலம் காலமாகக் குளம்பு பட்டு இறுகிய தடம் என்பதால் குழந்தைகள் நடக்கவும் வசதி.

எது பட்டா, எது புறம்போக்கு, எது காடு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேலி இருந்தால் பட்டா என்றும் இல்லை, வேலி இல்லாவிட்டால் காடு என்றும் இல்லை. அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா விவரத்தையும் புலப்படத்தையும் பார்க்கலாம். 'அ' பதிவேட்டு விவரமும், அதாவது கிராமத்தில் ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம், யாருடையது என்ற பதிவும், அங்கேயே கிடைக்கும். புல எண் தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்கும். அது உறுதியான பிறகு உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள், ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கினால் உத்தமம். உரிமையாளர் பெரும்பாலும் கீழே ஏதாவது ஊரில் இருப்பார், அன்றாடம் தோட்டத்தில் இருப்பவர் மேஸ்திரிதான். அவரிடம் சொல்லாமல் உரிமையாளரிடம் மட்டும் சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது. யாரோ இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டு மிளகுக்கொடிக்கு நடுவே குனிந்து தேடினால், மிளகு பறிக்க வந்தவர்கள் என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. நான் பார்த்த வரையில், தோட்டத்து ஆட்களுக்கு ஒருமுறை விளையாட்டைச் சொல்லிப் புரியவைத்துவிட்டால் போதும், அப்புறம் பெட்டிக்கு அவர்களே காவல்.

பாதையை எப்படி அமைப்பது? வெளிநாட்டில் உங்கள் மகள் பார்த்தது நூறடிக்கு ஒரு பெட்டி மாதிரி தோன்றியிருக்கலாம். உண்மையில் விளையாட்டின் அதிகாரபூர்வமான தளத்தில் (geocaching.com) இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாக வேண்டும். இரண்டு கிலோமீட்டர் பாதையில் பத்துப் பெட்டி வைக்க விதி இடம் கொடுக்கும். ஆனால் நான் உங்களுக்கு ஒன்றே ஒன்று வைக்கச் சொல்வேன். வழியில் நான்கைந்து இடங்களில் பெட்டிக்குப் பதிலாகக் கேள்வி வையுங்கள். மூடிய கிணற்றின் சிமென்ட் மூடியில் பதித்த ஆண்டின் கடைசி எண் என்ன, மைல்கல்லில் உள்ள எண் என்ன, தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை படி என்கிற மாதிரி. விடைகளைக் கொண்டுவந்து கடைசிப் பெட்டியின் எண்களில் காலியாக உள்ள இடங்களில் நிரப்ப வேண்டும். தேடுகிறவர் பாதை முழுவதையும் நடந்தே தீர வேண்டும், நீங்கள் பராமரிக்க வேண்டியதோ ஒரே டப்பா. மழைக்காலம் முடிந்து பத்து டப்பாவைத் துடைத்துக் காயவைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேள்விக்குச் சீக்கிரம் மாறிப்போகும் பொருளை எடுக்காதீர்கள். சுவர் விளம்பரத்தை எடுத்தால் அடுத்த தேர்தலில் விடை மாறிவிடும். வாழை மரத்தை எண்ணச் சொன்னால் அடுத்த காற்றுக்குக் கணக்கு தப்பிவிடும்.

இனி என் தொழில். திறந்த வானத்தின் கீழ் சாதாரண செல்போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். இது உறுதி, மொட்டைப் பாறையில் நின்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மரத்தடியில் அது மோசமாகும் என்பதும் உறுதி. எவ்வளவு மோசமாகும் என்பதைத்தான் யாராலும் ஒரே எண்ணில் சொல்ல முடியாது. இலை நனைந்திருக்கிறதா, மரம் எவ்வளவு நெருக்கம், நீங்கள் நிற்கும் சரிவு எந்தப் பக்கம் பார்த்தது என்பதையெல்லாம் பொறுத்தது. 10 மீட்டரும் தப்பலாம், 20ம் தப்பலாம். காரணம் எளிது. செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, சிக்னல் நம்மிடம் வந்து சேரும்போது மிகவும் பலவீனமாக இருக்கும். இலையில் உள்ள ஈரம் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். மிச்சம் அடிமரத்திலும் பாறையிலும் பட்டுத் தெறித்துச் சுற்றுவழியில் வரும். ஆயிரங்கால் மண்டபத்தில் யாரோ கைதட்டினால் எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று காது திணறும் அல்லவா, போனுக்கும் அதே திணறல்தான். மலைச்சரிவில் நின்றால் வானத்தில் பாதியை மலையே மறைத்துக்கொள்ளும், அந்தப் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் கணக்கிலேயே வராது.

இதைத் தேடுகிறவரால் சரிசெய்ய முடியாது, வைக்கிறவர் சரிசெய்யலாம். பெட்டி வைத்த மரத்தடியில் நின்று ஒரே ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். போனை அசையாமல் வைத்து ஐந்து நிமிடம் பொறுத்து எடுங்கள். கொஞ்ச தூரம் நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி எடுங்கள். இன்னொரு நாளும் வந்து எடுத்து எல்லாவற்றுக்கும் சராசரி போடுங்கள். இன்னொரு நாள் வரும்போது வேறு நேரத்தில் வருவது முக்கியம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று வருவதால், இன்று காலை பத்து மணிக்கு உங்கள் தலைக்கு மேல் எப்படி நின்றனவோ, நாளையும் நாலு நிமிடம் முன்னதாக அப்படியேதான் நிற்கும். அதே நேரத்துக்குப் போனால் அதே பிழையைத்தான் இரண்டாம் முறையும் அளந்துகொண்டு வருவீர்கள்.

அதைவிட நல்ல வழி, நாங்கள் அளவையில் செய்கிற பக்க அளவு. பெட்டிக்குப் பக்கத்தில் வானம் நன்றாகத் தெரியும் ஒரு பாறையையோ திட்டையையோ தேடுங்கள். அங்கே நின்று எண்ணை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மரம் எந்தத் திசை, எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளங்கள். அப்புறம் கணக்கு. இந்த விளையாட்டில் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசமம் என்று எழுதுவார்கள். வடக்குத் தெற்காக நிமிடத்தின் 0.001 என்பது நம் பக்கம் 1.84 மீட்டர். கிழக்கு மேற்காக நம் அட்சரேகையில் 1.83 மீட்டர். மரம் பாறைக்கு நேர் வடக்கே 15 மீட்டர் என்றால் அட்சரேகையில் 0.008 கூட்டுங்கள். நேர் கிழக்கே 11 மீட்டர் என்றால் தீர்க்கரேகையில் 0.006 கூட்டுங்கள். திசை பார்க்கும்போது போனின் காந்தமூடி உறையைக் கழற்றிவிடுங்கள், அது உள்ளே இருக்கும் திசைகாட்டியைக் குழப்பும்.

எண்ணை எழுதும் முறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 10° 12.345' என்று சிறுமலையில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இதை முழு டிகிரியாக மாற்றினால் 10.20575°. பலர் அவசரத்தில் 10.12345 என்று வரைபடத்தில் தட்டிவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் 9 கிலோமீட்டர் தெற்கே, வாடிப்பட்டியை நோக்கிப் போய்விடுவீர்கள். மலையில் அது ஒரு நாள் பொழுது. நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும் என்பதை மகளுக்கு இந்த ஓர் உதாரணத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம், பள்ளிக்கூடத்துக்கும் ஆயிற்று.

இத்தனைக்குப் பிறகும் மரத்தடியில் பத்து மீட்டர் வட்டம் மிச்சம் இருக்கும். அந்த வட்டத்துக்குள் எண்ணை நம்பாமல் வார்த்தையை நம்பச் சொல்லுங்கள். தளத்தில் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. "மூன்று கவடு உள்ள பலா, தெற்கு வேர், முழங்கால் உயரம்" என்று தெளிவாக எழுதுங்கள். குறிப்பை மழுப்பலாக எழுதினால், வருகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தப் பத்து மீட்டரையும் மிதித்துத் துவைத்துவிடுவார்கள். காப்பிச் செடிதான் பாழாகும், அடுத்த ஆண்டு அனுமதியும் போகும்.

போன் போதுமா என்றால், போதும். மேலே எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், வரைபடத்தையும் பெட்டியின் இணையப் பக்க விவரத்தையும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் இருக்கும்போதே ஒருமுறை இருப்பிடத்தைப் பார்த்துவிடுவதும் நல்லது. செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் நெட்வொர்க்கிலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் செயற்கைக்கோளிடமிருந்தே நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும். மரத்தடியில் அது சில நிமிடம் இழுக்கும், இடையில் சிக்னல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. வாங்குவதென்றால் இரண்டு அலைவரிசை ஜிபிஎஸ் உள்ள போனாகப் பார்த்து வாங்கலாம், மரத்தடியில் கொஞ்சம் கைகொடுக்கும். பாட்டரி மாற்றிக்கொள்ளும் தனிக் கருவி நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு வசதிதான், உங்களுக்கு இப்போது அந்தச் செலவு தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். சித்தப்பாவிடம் கருவி வாங்கிவரச் சொல்லும் எண்ணம் இருந்தால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வகையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயற்கைக்கோள் போனோ, செய்தி அனுப்பும் கருவியோ உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். இடத்தைக் காட்ட மட்டும் செய்கிற கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை.

டப்பா விஷயத்தில் வெளிநாட்டு வழக்கத்தை அப்படியே பின்பற்றாதீர்கள். அங்கே ராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டியை விரும்பி வைப்பார்கள், கனத்த இரும்பு, தண்ணீர் போகாது. நம்மூரில் அதைப் புதரில் பார்த்தால் முதலில் போலீசும் அடுத்து வெடிகுண்டு நிபுணரும் வந்து நிற்பார்கள். குழாய் வடிவம், டேப் சுற்றியது, பாலத்தடியில் வைப்பது எல்லாம் அதே காரணத்துக்காக வேண்டாம். எவர்சில்வர் தூக்குவாளி வைத்தால் சாயங்காலத்துக்குள் யார் வீட்டுச் சமையலறையிலோ இருக்கும். நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும், உள்ளே ரப்பர் வளையம் உள்ள, வெளியிலிருந்து பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாதான் சரி. மூடியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் "இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தானது அல்ல, நில உரிமையாளர் அனுமதியோடு வைத்தது" என்று எழுதி, உங்கள் தொடர்பு எண்ணையும் போட்டுவிடுங்கள். உள்ளே நோட்டைத் தனியாக ஒரு ஜிப் கவரில் வையுங்கள். செருப்பு அட்டைப்பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் ஈரம் குறையும். பேனா வேண்டாம், பென்சில். ஈரத்தாளில் பேனா ஊறிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். மரத்தில் ஆணி அடிப்பது, பட்டையைச் செதுக்குவது இரண்டுக்கும் விளையாட்டின் விதியிலேயே இடமில்லை, மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் நில உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழியக் கூடாது. கயிற்றால் வேரோடு சேர்த்துக் கட்டி, காய்ந்த மட்டையைச் சாய்த்து மறைத்தாலே போதும்.

கல் இடுக்கில் மட்டும் வைக்காதீர்கள். இது என் கண்டிப்பான அபிப்பிராயம். வெயிலில் சூடேறும் பாறை இடுக்கு விரியனுக்கும் தேளுக்கும் பிடித்த இடம், தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடுவார். வேருக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வையுங்கள். தேடும்போது மகள் கையில் ஒரு குச்சி கொடுத்து, தட்டிப் பார்த்துவிட்டே கையை நீட்டப் பழக்குங்கள். சிறுமலையில் காட்டுமாடு உண்டு. தூரத்தில் நின்றால் அதன் பாட்டுக்கு மேயும், கிட்டப் போய்ப் படம் எடுக்க நினைத்தால்தான் வினை. காலையில் ஏறி, நாலு மணிக்கெல்லாம் வண்டிக்குத் திரும்பிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள். மரத்திலோ பாறையிலோ மலைத்தேன் கூடு தொங்கினால் பாதையையே மாற்றிப் போடுங்கள், அந்தப் பக்கம் செண்டு அடித்துக்கொண்டு போவதும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை நடக்க நல்ல காலம். அதற்குப் பிறகு புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் தளத்தில் உங்கள் பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க ஒரு வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

வெளியிடும் வழி இதுதான். தளத்தில் இலவசக் கணக்கு போதும். விவரங்களை எழுதி அனுப்பினால் தன்னார்வலரான ஒரு பரிசீலகர் பார்த்து, இடைவெளி, அனுமதி எல்லாம் சரி என்றால் வெளியிடுவார். சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்பார், அனுமதித் தாள் அப்போது கைகொடுக்கும். வைக்கிறவர் அடிக்கடி போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. மதுரையிலிருந்து சிறுமலை அதற்குப் பாதகமில்லை. வைப்பதற்கு முன் ஒரு இருபது பெட்டியாவது தேடிப் பழகுங்கள் என்று தளமே சொல்கிறது. நம் பக்கம் அத்தனை கிடைப்பது கஷ்டம். ஆனாலும் பெங்களூர், சென்னை போகும்போது மகளோடு சிலவற்றைத் தேடிப் பாருங்கள். மோசமாக வைத்த நாலு பெட்டியைப் பார்த்தாலே எப்படி வைக்கக் கூடாது என்று புரிந்துவிடும்.

தோட்டக்காரர் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பெட்டியே இல்லாத வகை ஒன்று உண்டு, எர்த்கேச் என்பார்கள். போய், பாறையையோ மண்ணையோ பார்த்து, நிலவியல் சம்பந்தமான கேள்விக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒத்தக்கடை யானைமலையில் பாறை எப்படித் தோல் உரிவதுபோல் தகடு தகடாகப் பிரிகிறது என்று கீழே நின்றே கேட்கலாம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இன்னொரு நல்ல இடம். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் தமிழி (தமிழின் பழைய எழுத்து) கல்வெட்டும் உள்ள மலை என்பதால் அங்கே டப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு எர்த்கேச் மட்டும் போடலாம். மரம் குறைவு, வெயில் அதிகம், நீங்கள் கேட்ட மலைக்காடு அது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குள் என்ன போடுவது என்று கேட்டிருந்தீர்கள். தின்பண்டம் எதுவும் கூடாது, மிட்டாய்கூட. வாசனைக்குக் குரங்கும் எறும்பும் வந்துவிடும். வாசனை உள்ள ரப்பரும் அதே கணக்கில்தான் சேரும். தீப்பெட்டி, லைட்டர், மருந்து, கத்தி கூடாது. கோலிக்குண்டு, சோழி, சின்னப் பம்பரம், பழைய பத்துப் பைசா, வெளிநாட்டுத் தபால்தலை மாதிரி ஈரத்துக்கு அதிகம் அஞ்சாத சின்னச் சாமான்கள் நல்லது, தபால்தலையை மட்டும் தனிக் கவரில் போடுங்கள். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள ஒன்றையாவது வைக்க வேண்டும் என்பது வழக்கம். எதையும் எடுக்காமல் பெயர் மட்டும் எழுதிவிட்டும் வரலாம். முதல் பக்கத்தில் விளையாட்டின் விதியை உங்கள் மகளையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைத் தற்செயலாகத் திறக்கப்போவது பெரும்பாலும் தோட்டத்தில் மிளகு பறிக்க வருகிறவர்களாகத்தான் இருக்கும், அவர்களுக்கும் அது புரிய வேண்டும்.